காலையில் எழுதி மாலையில் எடுப்பவர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது அவசரமாகச் சொல்லக்கூடிய கதையில்லை.

தென் கொரியாவில் ஹாங் சாங்-சூ என்று ஓர் இயக்குநர் இருக்கிறார். கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் அவரே. முதல் படம் 1996இல் வந்தது. 2025 பெர்லின் விழாவில் போட்டியிட்டது அவருடைய 33ஆவது படம். சராசரியாக வருஷத்துக்கு ஒன்றுக்கும் மேல். 2017இல் மட்டும் மூன்று. இத்தனைக்கும் அவர் படங்கள் சொந்த ஊரில் ஓடிச் சம்பாதித்தன என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கொலை இல்லை, பழிவாங்கல் இல்லை, துரத்தல் இல்லை. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள், பேசுவார்கள். ஒருவர் உளறுவார், இன்னொருவர் அழுவார். பிறகு எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவுதான் படம்.

ஓடாத படம் எடுக்கிறவருக்கு அடுத்த படத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சுயாதீன சினிமா என்று நாம் பெருமூச்சோடு பேசுகிற விஷயத்தில் யாரும் சரியாகக் கேட்காத கேள்வி இது. கலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கணக்கு.

அதற்கு அந்த ஊர்ச் சந்தையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் சாம்சங், டேவூ போன்ற பெரிய தொழில் குழுமங்கள் கொரிய சினிமாவில் பணம் போட வந்தன. பிறகு அவை விலக, சிஜே, லோட்டே போன்றவை வந்தன. படம் தயாரிப்பது, விநியோகிப்பது, தியேட்டர் நடத்துவது மூன்றும் ஒரே குழுமத்தின் கையில் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் பெரிய படம் மிகப் பெரிதாக ஓடும். பாங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' 2006இல் வந்தபோது, ஐந்து கோடிக்கும் குறைவான மக்கள் உள்ள நாட்டில் 1.3 கோடி டிக்கெட் விற்றது. சின்னப் படத்துக்குக் கிடைப்பது காலைக் காட்சியும் மூலைத் தியேட்டரும்தான். ஹாங்கின் படங்களுக்கு வரும் கூட்டத்தைப் பத்தாயிரங்களில் எண்ண வேண்டும். சில படங்களுக்கு அதுவும் வராது.

1996ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் பூசான் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. படத்தை வெளியிடுமுன் அரசுத் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை அரசியல் சாசன நீதிமன்றம் தூக்கி எறிந்ததும் அதே வருஷம். கிம் கி-டுக்கின் முதல் படமும் அப்போதுதான் வந்தது. நம்மூர்ப் படவிழாப் பார்வையாளர்களிடம் கிம் கி-டுக் பெயர் பழகிய அளவுக்கு ஹாங் பெயர் பழகவில்லை. கிம்மிடம் ரத்தமும் மௌனமும் உண்டு; பார்த்தவுடன் தைக்கும். ஹாங்கிடம் தைப்பதற்கு எதுவும் இருக்காது. இரண்டு மூன்று படம் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரியும்.

ஹாங் 1960இல் சோலில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே திரைப்படத் தயாரிப்பில் இருந்தவர்கள். வறுமையிலிருந்து போராடி மேலே வந்தார் என்ற கதை இங்கே செல்லாது. சுங்-ஆங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பிறகு அமெரிக்கா போய் கலிஃபோர்னியாவிலும் சிகாகோ கலைக் கல்லூரியிலும் படித்தார். அங்கே எடுத்ததெல்லாம் கதையற்ற பரிசோதனைக் குறும்படங்கள். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோனின் 'ஒரு கிராமப் பாதிரியின் நாட்குறிப்பு' பார்த்த பிறகுதான், கதையை வைத்துக்கொண்டும் இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று அவருக்குத் தோன்றியது. அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு பெயர் செசான். ஒரே மலையை விடாமல் வரைந்துகொண்டிருந்த ஓவியர். அந்தப் பெயரை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

முதல் படம் 'கிணற்றில் பன்றி விழுந்த நாள்'. ஒரு நாவலைத் தழுவியது. தோற்றுப்போன ஓர் எழுத்தாளன், அவனோடு உறவில் இருக்கும் மணமான பெண், அவளுடைய கணவன், தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண் என்று நான்கு பேரின் கதை. சின்ன வேடம் ஒன்றில் ஒரு நாடக நடிகர் முதன்முதலாகச் சினிமாவில் தலைகாட்டினார். அவர்தான் பின்னால் 'பாரசைட்' படத்தில் அப்பாவாக நடித்த சோங் காங்-ஹோ. படம் மறு வருஷம் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. அதன் பிறகு பல வருஷம் ஹாங் மற்றவர்களைப் போலத்தான் படம் எடுத்தார். கம்பெனி, தயாரிப்பாளர், முழு யூனிட், 35 மி.மீ. பிலிம். பிரெஞ்சுக்காரர்கள் பணம் போட்டார்கள். 2004, 2005 இரண்டு வருஷமும் தொடர்ந்து கான் விழாப் போட்டியில் அவர் படங்கள் இருந்தன. வெளியே பெயர், உள்ளே காலி நாற்காலி.

இந்த இடத்தில் பெரும்பாலான இயக்குநர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். நட்சத்திரத்தைப் பிடித்துக் கொஞ்சம் பெரிய படமாக எடுத்துக் கூட்டத்தைத் தேடுவார்கள். அல்லது நாலைந்து வருஷம் ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர் தயாரிப்பாளராக அலைவார்கள். ஹாங் மூன்றாவதாக ஒன்று செய்தார். ஜியோன்வோன்சா என்று சொந்தத்தில் ஒரு நிறுவனம் ஆரம்பித்து, செலவைக் குறைக்கத் தொடங்கினார். கொஞ்சம் நஞ்சம் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத அளவுக்கு. பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்தார். யூனிட்டை ஒரு வேனில் அடங்கும்படி செய்தார். செட் கிடையாது, கடை, வீடு, ஹோட்டல் அறை, கடற்கரை எல்லாம் உள்ளபடியே. பெயர் பெற்ற நடிகர்கள்கூடப் பெயரளவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். படப்பிடிப்பு நாள் கணக்கில் முடிந்துவிடும். பல வருஷம் சோலில் கொன்குக் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்துகிற இயக்குநர்களும் அவர்களிடம் மாட்டிக்கொண்ட மாணவிகளும் அவர் படங்களில் சும்மா வந்துவிடவில்லை.

படம் இவ்வளவு மலிவாக முடிந்தால் என்ன ஆகும்? வெளிநாட்டு விழாக்களில் காட்டி, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் என்று நாட்டுக்கு நாடு சின்னச் சின்ன உரிமைகளாக விற்றாலே கையைக் கடிக்காது. ஒவ்வொரு நாட்டிலும் ஆயிரக்கணக்கில் சிலர் பார்த்தால் போதும். ஒரு நாட்டில் ஒரு கோடிப் பேர் பார்க்க வேண்டியதில்லை. அவர் கணக்கு இவ்வளவுதான். துணிச்சல், தியாகம் என்றெல்லாம் சுயாதீன சினிமாவைப் பற்றி எழுதுகிறோமே, ஹாங்கிடம் அதைவிடக் கடைக்காரப் புத்திதான் எனக்குத் தெரிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது அவர் வேலை செய்யும் முறைக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நம்மூரில் ஒரு படத்துக்கு டிஸ்கஷன் என்று மாதக்கணக்கில் அறை போடுவார்கள். பாங் ஜூன்-ஹோ மாதிரி ஆட்கள் ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து வைத்துவிட்டுத்தான் ஸ்பாட்டுக்கே வருவார்கள். ஹாங்கிடம் ஸ்கிரிப்ட் கிடையாது. ஆரம்பப் படங்களுக்கு முழுத் திரைக்கதை இருந்தது. பிறகு அது சில பக்கக் குறிப்பாகச் சுருங்கியது, அப்புறம் அதுவும் போய்விட்டது. முதலில் இடத்தைப் பார்ப்பார். பிறகு நடிகர்களை முடிவு செய்வார். அவர்களோடு உட்கார்ந்து பேசுவார், குடிப்பார், அவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எதைச் சொல்லும்போது தயங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்வார். படப்பிடிப்பு தொடங்கியதும், ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன்னால் எழுந்து அன்றைய காட்சியை எழுதுவார். அன்றாடம் காய் வாங்கி அன்றாடம் சமைக்கிறவர். காலையில் ஸ்பாட்டுக்கு வந்த நடிகர் கையில் மை காயாத பக்கங்கள். படிக்கக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, கேமரா ஓடும்.

அப்படியென்றால் நடிகர்கள் தோன்றியதைப் பேசிக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் செய்யும் தப்புக் கணக்கு அது. எழுதியதை எழுதியபடியே பேச வேண்டும். அவர் படத்தில் ஒருவர் தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொல்லி, நடுவில் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார் என்றால், அந்தத் தடுமாற்றம் அன்று காலை எழுதப்பட்டது. மதுக் காட்சிகளில் சில சமயம் நிஜமாகவே குடித்தோம் என்று நடிகர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டு, புதிதாகப் படித்த நீண்ட வசனத்தை, கட் இல்லாமல், பத்து நிமிஷ ஷாட்டில் பேசுவதை நினைத்துப் பாருங்கள்.

காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுப்பார். ஒரு லொக்கேஷனில் வரும் எல்லாக் காட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தால் செலவு மிச்சம் என்பது தயாரிப்பு நிர்வாகத்தின் பாலபாடம். அவர் அதைச் செய்ய முடியாது. நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாதே. ஆனால் இன்று எடுத்ததில் தற்செயலாகப் பனி பெய்திருந்தால், ஒரு பூனை குறுக்கே வந்திருந்தால், நாளைக் காலை எழுதும்போது அதுவும் கதைக்குள் வந்துவிடும். அவர் படங்களில் வானிலைக்குத் திரைக்கதையில் பங்கு உண்டு.

மலிவு எப்படி நடையாக மாறியது என்பதற்கு ஜூம் நல்ல சாட்சி. 2005இல் 'சினிமாவின் கதை' என்ற படத்தில்தான் முதன்முதலில் ஜூம் போட ஆரம்பித்தார். அழகான ஜூம் இல்லை. கல்யாண வீடியோவில் வருவது போல, திடுக்கென்று முகத்துக்குப் பக்கத்தில் போகும். ட்ராலி வேண்டாம், இன்னொரு கோணத்துக்கு லைட்டிங் மாற்ற வேண்டாம், நடிகரை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். செலவும் மிச்சம், நடிப்பும் அறுபடவில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. இந்தப் பேச்சில் இதோ இந்த நொடிதான் முக்கியம் என்று யாரோ நம் விலாவில் இடிப்பது போல ஆகிவிட்டது. பல சமயம் அது முக்கியமில்லாத நொடியாகவும் இருக்கும். அதுதான் குறும்பு.

இரண்டாவது, ஒரே கதையை இரண்டு முறை சொல்வது. பணம் இல்லாதவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதே இடம், அதே நடிகர், அதே உடை, இரண்டு படம். ஆனால் 2015இல் வந்த 'இப்போது சரி, அப்போது தவறு' பார்த்தால் மலிவைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருதும், ஜங் ஜே-யங்குக்குச் சிறந்த நடிகர் விருதும் வாங்கிய படம் அது.

ஓர் இயக்குநர் தன் படத் திரையிடலுக்காக சுவோன் நகரத்துக்கு வருகிறார். குளறுபடியால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். பழைய அரண்மனை ஒன்றில் ஓர் இளம் பெண்ணைச் சந்திக்கிறார். கிம் மின்-ஹீ நடித்த ஓவியர் பாத்திரம். காப்பி குடிக்கிறார்கள், அவளுடைய ஓவியத்தைப் பார்க்கிறார், சுஷிக் கடையில் குடிக்கிறார்கள், அவளுடைய தோழியின் கடைக்குப் போகிறார்கள். முதல் பாதியில் அவர் ஓவியத்தை ஆகா ஓகோ என்று புகழ்கிறார். அவள் உருகிப்போகிறாள். இரவு தோழிகள் முன்னிலையில்தான் தெரிகிறது, அவர் மணமானவர் என்பதும், அவளுக்குச் சொன்ன அதே வாக்கியங்களைத் தன் படங்களைப் பற்றி ஏற்கெனவே பேட்டிகளில் சொன்னவர் என்பதும். கதை கெட்டது.

பிறகு படம் மறுபடி தலைப்பிலிருந்து தொடங்குகிறது. அதே அரண்மனை, அதே காப்பி. இம்முறை ஓவியத்தில் உள்ள குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அவளுக்குக் கோபம். கடையில் குடித்துக்கொண்டிருக்கும்போதே, தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்றும் சொல்லி அழுகிறார். அன்றிரவு தோழிகள் முன்னால் போதையில் துணியை அவிழ்த்து நின்று மானத்தையும் வாங்குகிறார். ஆனாலும் இந்த இரண்டாவது நாள் ஏனோ நல்லபடியாக முடிகிறது. உண்மை பேசினால் நல்லது நடக்கும் என்று பாடம் எடுக்கிறாரா? இல்லை. இரண்டாவது மனிதரும் அதே சபலக்காரர்தான். வித்தியாசம் எங்கே விழுந்தது என்று நாம்தான் தேட வேண்டும்: ஒரு சொல் முந்தியதிலா, ஒரு பார்வை பிந்தியதிலா? ஒரு கோடி ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் போட்டாலும் இந்த வேலையை நம் மூளைக்குக் கொடுக்க முடியாது.

பிரெஞ்சு நடிகை இசபெல் ஹூப்பேர் இந்த முறைக்குள் வந்தது தனிக் கதை. தன் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்காக சோலுக்கு வந்திருந்தார். ஹாங் சந்தித்தார். கையில் ஸ்கிரிப்ட் இல்லை, ஒரு கடற்கரை ஊரை மட்டும் பார்த்து வைத்திருந்தார். ஐரோப்பாவின் மிகப் பெரிய நடிகைகளில் ஒருவர் அதை நம்பி வந்தார். அந்தப் படம் 'வேறொரு நாட்டில்' என்ற பெயரில் 2012இல் கான் போட்டியில் இடம்பெற்றது. அதைவிடக் கெட்டிக்காரத்தனம் 2016இல் நடந்தது. கான் விழாவுக்கு ஹூப்பேர் ஒரு படத்தோடும், கிம் மின்-ஹீ 'தி ஹேண்ட்மெய்டன்' படத்தோடும் வந்திருந்தார்கள். இருவரும் எப்படியும் அங்கே இருக்கிறார்கள். ஊர் இருக்கிறது, கடல் இருக்கிறது. விழா நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் சந்துகளில் 'கிளேரின் கேமரா' படத்தை எடுத்து முடித்தார். 69 நிமிஷப் படம். அடுத்த வருஷம் அதே கான் விழாவில் திரையிட்டார்கள்.

2017இல் ஹாங்கும் கிம் மின்-ஹீயும் தாங்கள் காதலிப்பதைப் பத்திரிகையாளர்கள் முன்னால் ஒப்புக்கொண்டார்கள். ஹாங் மணமானவர். கொரியாவில் பெரிய கொந்தளிப்பு. ஹாங்கின் பிழைப்பு இதனால் பாதிக்கப்படவில்லை. அவர் நம்பியிருந்த சந்தை வெளியே இருந்தது. கிம் மின்-ஹீ அப்போது உச்சத்தில் இருந்த நட்சத்திரம். 'தி ஹேண்ட்மெய்டன்' படத்துக்குப் பிறகு அவர் வணிகப் படம் எதிலும் நடிக்கவில்லை. அதே 2017இல் பெர்லினில் சிறந்த நடிகை விருது வாங்கியவர், இப்போது ஹாங் படங்களில் நடிப்பதோடு புரொடக்‌ஷன் மேனேஜராகவும் இருக்கிறார். சிக்கனக் கணக்கைப் பாராட்டும்போது, அதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதற்குப் பிறகு யூனிட் இன்னும் இளைத்தது. 2021இல் வந்த 'அறிமுகம்' தொடங்கி, எழுதுவது, இயக்குவது, கேமரா, எடிட்டிங், இசை என்று பெரும்பாலும் எல்லாமே அவர்தான். பெர்லின் விழா அவரை விடாமல் கொண்டாடியது. 2020இல் சிறந்த இயக்குநர், 2021இல் சிறந்த திரைக்கதை, 2022இலும் 2024இலும் நடுவர் குழுப் பெரும் பரிசு. ஸ்கிரிப்டே வைத்துக்கொள்ளாதவருக்குத் திரைக்கதை விருது! விருது வாங்கிய 'அறிமுகம்' 66 நிமிஷம்தான் ஓடும். அதில் சொல்லப்படாமல் விடப்பட்டதைக் கணக்கெடுத்தால் விருது சரிதான்.

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. 2023இல் 'தண்ணீரில்' என்று ஒரு படம். ஏறக்குறைய முழுப் படமும் ஃபோகஸ் இல்லாமல் எடுக்கப்பட்டது. செசானைச் சொல்லி, ஓவியம் போல இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு என்னவோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது போலத்தான் இருந்தது. பிறகு அந்த ஆண்கள்: இயக்குநர், பேராசிரியர், கவிஞர், எல்லோரும் குடித்துவிட்டுத் தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள், பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபது படம் அதையே எடுத்தால் அது விமர்சனமா, வாக்குமூலமா, வெறும் பழக்கமா என்ற சந்தேகம் வரும். 'ஓடிப்போன பெண்' போன்ற பிந்தைய படங்களில் கேமரா பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டது. அங்கே ஆண்கள் வாசல்வரை வந்து ஏதாவது புகார் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தெருப் பூனைக்குச் சோறு போடாதீர்கள் என்கிறார். அந்த மரியாதையான வாக்குவாதம் முடிந்ததும், பூனைமேல் ஒரு ஜூம். அவ்வளவு சிரித்து நாளாகிவிட்டது.

நம் பிள்ளைகள் இதே முறையைப் பின்பற்றலாமா என்று ஒரு கேள்வி வரும். செல்போன் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், காலையில் எழுதி மாலையில் எடுத்தால் ஆயிற்று என்று. ஹாங் இந்த இடத்துக்கு வந்தது, கம்பெனிப் பணத்தில் முழு யூனிட்டோடு ஆறேழு படம் எடுத்துக் கை பழகி, இரண்டு முறை கான் போட்டிக்குப் போய் வந்த பிறகு. விழாக்கள் அவர் பெயருக்காகவே படத்தை வாங்கிப் பார்க்கும் நிலை இருந்ததால்தான் அந்தச் சின்னச் சந்தை வேலை செய்தது. முதல் படத்தையே இப்படி எடுக்கிறவருக்கு முறை கிடைக்கும், சந்தை கிடைக்காது.

பார்க்கிறதென்றால் எங்கே தொடங்குவது? 'இப்போது சரி, அப்போது தவறு' முதலில். இரண்டு மணி நேரம் ஓடும். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள், படமே அங்கேதான் தொடங்குகிறது. அடுத்தது 2014இல் வந்த 'சுதந்திரக் குன்று'. ஒரு ஜப்பானியர் தன் பழைய காதலிக்கு எழுதிய கடிதப் பக்கங்கள் அவள் கையிலிருந்து படிக்கட்டில் விழுந்து கலைந்துவிடுகின்றன. படமும் அந்தக் கலைந்த வரிசையிலேயே நடக்கும். சின்னப் படம், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுவார்கள், சிரமம் இருக்காது. மூன்றாவதாக 'நாவலாசிரியையின் படம்'. 'தண்ணீரில்' படத்துக்கு அவசரமில்லை.